குழந்தைக்காகக் காத்திருக்கும்போது மனசுக்கு யாரிடம் போவது? பெங்களூரில் இருக்கும் வழிகள்

பெங்களூரில் ஐவிஎஃப், அதாவது கருவை லேபில் உருவாக்கிக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிகிச்சைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து இடம் சொல்வார்கள். ஜெயநகர், இந்திராநகர், மாரத்தஹள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு கருத்தரிப்பு மையத்தின் போர்டு கண்ணில் படும். அந்தச் சிகிச்சைக்கு நடுவில் மனசு உடைந்துபோனால் யாரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. "கோயிலுக்குப் போயிட்டு வா", "ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டு வா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நானும் என் கணவரும் சில வருடங்கள் இந்தச் சிகிச்சையில் இருந்தவர்கள். அவருடையது அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். நான் கல்யாணமாகி சேலத்திலிருந்து வந்தவள். எங்களுக்கும், எங்களிடம் வந்து மனம்விட்டுப் பேசிய சில தம்பதிகளுக்கும் எது எந்த அளவுக்கு உதவியது என்பதை வைத்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிகிச்சை தரும் மையத்துக்கு வெளியே, உங்கள் மொழியில் பேசக்கூடிய ஓர் உளவியலாளரைத் தேடிப் பிடியுங்கள். அது எல்லாருக்கும், எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. எப்போது வேறு வழி நல்லது என்பதையும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். "டென்ஷன் ஆகாம இரு, தானா நிக்கும்" என்று நம் எல்லாரிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்கும் பெண், கரு நிற்காததற்கும் தன் கவலைதான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறாள். 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 14 ஆய்வுகளிலிருந்து 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன்னால் மனசு சங்கடத்தில் இருந்ததால் ஐவிஎஃப் போன்ற சிகிச்சையில் கர்ப்பமாகும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் முடிவு. ஆகவே நீங்கள் அழுததால் கரு நிற்காமல் போகவில்லை. தூங்காமல் கிடந்ததால் சிகிச்சை தோற்கவில்லை.

அப்படியென்றால் கவுன்சலிங் எதற்கு? தூக்கம் வருவதற்கு. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்க்காமல் இருப்பதற்கு. அடுத்த சுற்று, அதாவது இன்னொரு முறை ஐவிஎஃப் போவதா, நிறுத்துவதா என்று நிதானமாக யோசிப்பதற்கு. பணம் இருந்தும், டாக்டர் நம்பிக்கை கொடுத்தும், மனசு தாங்காமல் பாதியில் சிகிச்சையை விடுகிறவர்கள் நிறைய. இந்த ஆதரவு அவர்களுக்குத்தான் முக்கியம். "என்னிடம் வந்தால் சீக்கிரம் கர்ப்பமாவீர்கள்" என்று எந்தக் கவுன்சலராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைப்பேறின்மையைச் சந்திப்பவர்கள் ஏறக்குறைய 17.5 சதவீதம், அதாவது 6 பேரில் ஒருவர். உங்கள் ஆபீஸ் மாடியிலும், நீங்கள் ஏறும் மெட்ரோ பெட்டியிலும் இதே கவலையோடு சிலர் இருக்கிறார்கள். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

மையத்தில் இருக்கும் கவுன்சலர்

பெரும்பாலானவர்கள் முதலில் சந்திப்பது இவரைத்தான். ஐவிஎஃப் போன்ற சிகிச்சைகளுக்காக 2021இல் வந்த ஏஆர்டி ஒழுங்குமுறைச் சட்டம், சிகிச்சையின் விளைவுகள் பற்றியும் அந்த மையத்தில் வெற்றி பெறும் வாய்ப்பு பற்றியும் தம்பதிக்கு முறையான கவுன்சலிங் தர வேண்டும் என்று மையங்களுக்குக் கடமை விதித்திருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது உங்கள் உரிமை. சலுகை என்று நினைத்துத் தயங்காதீர்கள்.

இவரிடம் இருக்கும் பெரிய வசதி, எதையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) குறைவு என்றால் என்ன, புரொஜெஸ்டிரோன் ஊசி போடும் நாட்களில் ஏன் சின்ன விஷயத்துக்கும் கண்ணீர் வருகிறது, கருவைக் கர்ப்பப்பைக்குள் வைத்த பிறகு, கர்ப்பமா என்று பார்க்கும் பீட்டா எச்சிஜி ரத்த டெஸ்ட் வரைக்கும் ஏன் ஒவ்வொரு நாளும் நகராமல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தானமாகப் பெற்ற கருமுட்டையோ விந்தணுவோ தேவைப்படும் என்று டாக்டர் சொன்ன நாளில், உடனே உட்கார்ந்து பேச இவரைவிடப் பக்கத்தில் யாரும் கிடைக்க மாட்டார்கள். தனிக் கட்டணமும் பெரும்பாலும் இருக்காது.

ஆனால் இவருக்குச் சம்பளம் தருவது அந்த மையம். என் தயக்கமெல்லாம் இதில்தான். நாங்கள் போன ஓர் இடத்தில், முதல் சுற்று தோற்ற பிறகு எனக்கு இன்னொரு முறை போகப் பயமாக இருக்கிறது என்று சொல்லத்தான் கவுன்சலரைப் பார்க்கக் கேட்டேன். அவர் என் முன்னால் வைத்தது மூன்று சுற்றுக்கான பேக்கேஜ் விலைப்பட்டியல். சேர்ந்து கட்டினால் தள்ளுபடி என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இப்போதும் அடங்கவில்லை. எல்லா மையமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வேறொரு மையத்தில் என் தோழிக்கு நெகட்டிவ் வந்த நாளில், அங்கிருந்த கவுன்சலர் மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் கூடவே உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆள் நல்லவராக இருந்தாலும், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி யாருடையது என்ற கேள்வி போகாது. சிகிச்சை பற்றிய பயம், சந்தேகம், தகவல் எல்லாவற்றுக்கும் இவரைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிகிச்சையைத் தொடர்வதா வேண்டாமா என்ற கேள்வியை மட்டும் வெளியே கொண்டுபோங்கள்.

வெளியே இருக்கும் உளவியலாளர்

செலவு இங்கே கைக்காசு. பெங்களூரில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓர் அமர்வுக்குப் பெரும்பாலும் 1,000 முதல் 3,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஏற்கெனவே நகையை அடகு வைத்துச் சிகிச்சை பார்ப்பவர்களுக்கு இது பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஐவிஎஃப் சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு லட்சம் என்று எடுத்து வைக்கும்போது, அதில் சில அமர்வுகளுக்கான தொகையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள் என்பேன். மருந்துச் செலவு மாதிரி இதுவும் சிகிச்சைச் செலவு.

யார் வேண்டுமானாலும் கவுன்சலர் என்று போர்டு வைத்துக்கொள்கிற நிலைமை இருப்பதால், தகுதியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் நல்லவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அதைவிட முக்கியமாக, போனிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: குழந்தைப்பேறுச் சிகிச்சையில் இருப்பவர்களை முன்பு பார்த்திருக்கிறீர்களா? எங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்ப்பீர்களா? நாங்கள் நிறுத்திவிடலாம் என்று வந்தால் எப்படி உதவுவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதைக் கவனித்தாலே ஆள் எப்படி என்று பாதி புரிந்துவிடும்.

இப்போது மொழி. இந்த ஊரில் ஆங்கிலம், கன்னடம், இந்தியில் பேசும் உளவியலாளர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். தமிழில் பேசுபவரைத் தேடத்தான் வேண்டும். தேடுங்கள், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். நாத்தனார் வளைகாப்புக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, வளையல் போட மட்டும் கூப்பிடாமல் அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். இதை ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தால் வளைகாப்பு என்றால் என்ன, ஏழாம் மாசம் என்ன செய்வார்கள், யார் முதலில் போடுவார்கள் என்று விளக்கிக்கொண்டே போக வேண்டும். விளக்கி முடிக்கும்போது வலி எங்கேயோ போய், ஒரு பண்பாட்டுப் பாடம் நடத்தி முடித்த மாதிரி ஆகிவிடும். தமிழ் தெரிந்தவரிடம் அந்த ஒரு வாக்கியம் போதும், அவர் முகமே மாறும். அந்த நிமிஷத்திலிருந்து வேலை தொடங்கிவிடுகிறது.

அதே சமயம் என் கணவருக்குக் கன்னடம் தமிழ் அளவுக்கே சரளம். ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜிநகரிலும் பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலருக்கும் அப்படித்தான். எந்த மொழியில் கோபம் வருகிறதோ அந்த மொழியில் பேசுபவர் உங்களுக்குச் சரியான ஆள்.

பக்கத்தில் கிடைக்காவிட்டால் சென்னை, கோவை, மதுரையில் இருப்பவர்களிடம் வீடியோ காலில் பேசலாம். கொரோனாவுக்குப் பிறகு இது சாதாரணமாகிவிட்டது. இதில் ஒரே கஷ்டம் இடம். மாமியார், கொழுந்தனார், குழந்தைகள் என்று எல்லாரும் இரண்டு அறையில் இருக்கும் வீட்டில் எங்கே உட்கார்ந்து இதைப் பேசுவது? மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், ஆபீஸ் மீட்டிங் ரூம் என்று எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஏதேதோ இடம் கண்டுபிடித்தார்கள். தனிமை கிடைக்கவே கிடைக்காது என்றால் நேரில் போவதே நல்லது, ஒரு மணி நேர பஸ் பயணமாக இருந்தாலும்.

நிம்ஹான்ஸும் மற்ற பெரிய ஆஸ்பத்திரிகளும்

பெயரைக் கேட்டதும் "அங்கேயா?" என்று குரல் மாறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் நாட்டிலேயே முதன்மையான மனநல நிறுவனம். கட்டணம் மிகக் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் ஏறி அங்கே வருகிறவர்கள் ஏராளம் என்பதால் தமிழ் அங்கே புதிதில்லை. பெரிய வளாகத்துக்குள் போகத் தயக்கம் என்றால் பிடிஎம் லேஅவுட்டில் அவர்களுடைய நல்வாழ்வு மையம் இருக்கிறது. அன்றாட மன அழுத்தம், குடும்பப் பிரச்சினை போன்றவற்றோடு வருபவர்களுக்காகவே தொடங்கிய இடம் அது. கோரமங்களா பக்கம் இருப்பவர்களுக்கு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவும் ஒரு வழி.

குறை என்னவென்றால் காத்திருப்பு. நிம்ஹான்ஸ் ஓபியில் காலையில் போனால் பாதி நாள் போய்விடும். பயிற்சியில் இருப்பவர்கள், மூத்தவர்களின் மேற்பார்வையில், பார்ப்பதும் உண்டு. ஆள் மாறினால் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டி வரலாம். ஏற்கெனவே ஸ்கேனுக்கும் ஊசிக்கும் லீவு போட்டுத் தீர்த்தவர்களுக்கு இது சிரமம்தான்.

ஆனால் சில நிலைமைகளில் நான் வேறு எதையும் யோசிக்கச் சொல்ல மாட்டேன், நேராக மனநல மருத்துவரிடம் போங்கள் என்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போவது, குளிக்கக்கூட எழ முடியாமல் கிடப்பது, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருவது. இவை பேச்சால் மட்டும் தீராமல் போகலாம். கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கூட ஒருவர் இருக்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் கரு நிற்காதோ என்ற பயத்தில் நீங்களே நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களுக்கு எந்த மருந்து சரி என்று பார்த்துக் கொடுக்க டாக்டர்களுக்குத் தெரியும். சிகிச்சை தரும் டாக்டர், மனநல மருத்துவர் இருவரிடமும் இரண்டு மருந்துப் பட்டியலையும் காட்டினால் போதும்.

போனில் கிடைக்கும் உதவி

டெலி மானஸ் எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இதன் தலைமை மையம் நம்ம நிம்ஹான்ஸ்தான். ராத்திரி இரண்டு மணிக்கு, பக்கத்தில் தூங்குபவரை எழுப்பவும் மனசில்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிட உடனடியான வழி கிடையாது. பெயர் சொல்லி, முகம் காட்டி, காத்திருந்து என்று எதுவும் வேண்டாம். தொடர்ந்து ஒரே ஆளிடம் மாதக்கணக்கில் பேசி ஒரு விஷயத்தை அவிழ்க்க இது ஏற்றதல்ல.

ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் இன்னொன்றைப் பாருங்கள். எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் புரோகிராம் என்ற பெயரில் பல கம்பெனிகள் சில அமர்வுகளை இலவசமாகத் தருகின்றன, மனைவிக்கோ கணவருக்கோ சேர்த்தே. எச்ஆருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து நிறையப் பேர் தொடுவதே இல்லை. பேசியது என்ன என்பது பொதுவாகக் கம்பெனிக்குப் போகாது. விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். அமர்வுகள் குறைவு என்பதால் ஆரம்பத்துக்கு நல்லது.

குரூப், உறவு, சாமி

ஒரே படகில் இருக்கும் பெண்களின் வாட்ஸ்அப் குரூப் தரும் ஆறுதல் தனி. "இன்னைக்கு ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கு" என்றால் ஐந்து நிமிஷத்தில் நாலு பேர் பதில் போடுவார்கள். ஆனால் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்து குரூப்பே வாழ்த்தில் நனையும் நாளில், நெகட்டிவ் வந்தவள் என்ன செய்வாள்? போனைத் தூக்கி வைத்துவிட்டு அழுவாள், அழுததற்காகத் தன்னையே பொறாமைக்காரி என்று திட்டிக்கொள்வாள். மருந்து யோசனைகளும் தாராளமாகச் சுற்றும். குரூப்பை வைத்துக்கொள்ளுங்கள், முடிவு வரும் வாரத்தில் மட்டும் மியூட் செய்துவிடுங்கள். ஆண்களுக்கு இப்படி ஒரு குரூப் கண்ணில் படுவதே அபூர்வம்.

வியாழக்கிழமை விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிறவர்களையும், திருக்கருகாவூருக்கு நேர்ந்துகொண்டு நெய் வாங்கி வருகிறவர்களையும் நான் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல மாட்டேன். நானும் போனேன், மனசு லேசானது நிஜம். கவுன்சலிங்குக்குப் போவதால் அதை விட வேண்டியதும் இல்லை. நல்ல உளவியலாளர் அதைக் கேலி செய்ய மாட்டார்.

ஆண்கள்

இந்தப் பகுதியைத்தான் அதிகம் யோசித்து எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை சொன்ன எல்லா வழியும் நடைமுறையில் பெண்ணுக்கென்றே ஆகிவிடுகிறது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரில் ஆண் பக்கத்துக் காரணமும் தனியாகவோ சேர்ந்தோ இருக்கிறது. ஆனாலும் கவுன்சலர் அறையில் பெண் உள்ளே, ஆண் வெளியே பில் கட்டிக்கொண்டு.

எங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு விந்தணுவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவி தன்னிடம்தான் குறை என்று மாமியாரிடம் ஏற்றுக்கொண்டாள். அன்பினால் செய்தாள். வருஷக்கணக்கில் ஏச்சு அவளுக்கு வந்தது, அதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்க முடியாத குற்ற உணர்ச்சி அவனைத் தின்றது. கடைசியில் இருவரும் பேசிக்கொள்வதே நின்றுபோனது. வெளியே இருந்த ஓர் உளவியலாளரிடம் அவன் தனியாகச் சில முறை போன பிறகுதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னான்.

ஆணுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. டாக்டர் குறித்துக் கொடுத்த நாளில் உறவு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயத்தில் உடம்பு ஒத்துழைக்காமல் போவது, ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பும்போது வரும் அவமானம். இதை மனைவி முன்னால் வைத்துப் பேசு என்றால் பேச மாட்டார்கள். அதனால் என் யோசனை: ஜோடியாக முதல் அமர்வு, அடுத்தது அவருக்குத் தனியாக. "உனக்குக் கவுன்சலிங் வேணும்" என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். "அடுத்த சுற்று பற்றி முடிவெடுக்க ஒருத்தரைப் பார்க்கணும், நீயும் வா" என்று சொன்னால் வருவார்கள். முதலில் பணம், வெற்றி வாய்ப்பு, லீவு என்று பேசட்டும். மற்றது தானாக வரும்.

அப்போ எதை எடுப்பது?

சிகிச்சையே இன்னும் தொடங்கவில்லை, டெஸ்ட்கள்தான் நடக்கின்றன என்றால் மையத்தின் கவுன்சலரும் கம்பெனி அமர்வுகளும் போதும். ஒரு சுற்று தோற்றிருந்தால், அல்லது தானக் கருமுட்டை, விந்தணு, தத்தெடுப்பு என்ற பேச்சு வந்திருந்தால், வெளியே இருக்கும் உளவியலாளர். பணம் இல்லை, ஆனால் நேரம் ஒதுக்க முடியும் என்றால் நிம்ஹான்ஸ். இரண்டும் இல்லை என்றால் 14416ஐ போனில் சேமித்து வையுங்கள், தேவைப்படும்போது வெட்கப்படாமல் கூப்பிடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதை ஒரு சுற்று தொடங்கும் முன்பே, இருவரும் வெளியாளின் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. ஊசி போட ஆரம்பித்த பிறகு "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்ற எண்ணம் இழுத்துக்கொண்டு போகும். கரு கர்ப்பப்பைக்குள் வைக்கப்படும் முன்பு வரை தம்பதி தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் ஒன்று: பீட்டா டெஸ்ட் ரிசல்ட் வரும் நாளுக்கு மறுநாள் ஓர் அப்பாயின்ட்மென்ட் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு போன் எடுத்து நேரம் கேட்கும் தெம்பு யாருக்கும் இருக்காது. பாசிட்டிவ் வந்தாலும் அதை ரத்து செய்ய வேண்டாம். இத்தனை நாள் காத்திருந்து கர்ப்பமானவர்களுக்கு முதல் மூன்று மாதம் பாத்ரூமுக்குப் போவதே பயமாக இருக்கும், ரத்தம் தெரியுமோ என்று. அதையும் யாரிடமாவது சொல்ல வேண்டும்.